மண்ணின் சத்தத்தைக் கழித்த பிறகு

மீஞ்சூரில் மெட்டல் டிடெக்டரை முடுக்கியதும் முதலில் கேட்பது மின்சாரம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காயிலைத் தரைக்கு ஒரு முழம் மேலே அசையாமல் பிடித்திருக்கிறேன். கீழே ஆணி இல்லை, காசு இல்லை. ஆனாலும் காதுக்குள் விட்டு விட்டு ஓர் உறுமல். தலைக்கு மேலே உயரழுத்தக் கம்பிகள். வல்லூர் அனல் மின் நிலையம் 1500 மெகாவாட். வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் கட்டம் 630, இரண்டாம் கட்டம் 1200. இத்தனையும் இந்தப் பக்கத்துக் கம்பிகள் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். போதாததற்கு கும்மிடிப்பூண்டி ரயில் பாதையின் 25,000 வோல்ட் கம்பி வேறு.

"இந்த ஊர்ல ஒரு மெஷின் வாயை மூடிக்கிட்டு இருந்துச்சுன்னா, அதை எந்த ஊருக்கும் எடுத்துட்டுப் போலாம் சார்" என்றார் அதைச் சரிசெய்துகொண்டிருந்தவர். அறுபதை நெருங்கும் வயது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அண்ணன் என்றே எழுதுகிறேன். அங்கே வருகிற எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

கடைக்கு வெளியே மோட்டார் ரீவைண்டிங் போர்டுதான். உள்ளே எரிந்துபோன சப்மெர்சிபிள் மோட்டார்கள் வரிசையாகக் கிடக்கின்றன. வார்னிஷ் வாசனை. செம்புக் கம்பிச் சுருள்கள். ஒரு மூலையில், துணி போட்டு மூடிய பழைய ஆசிலோஸ்கோப். காயில் சுற்றத் தெரிந்த கை, டிடெக்டருக்குப் போனதில் ஆச்சரியமில்லை. மர அறுவை மில் ஒன்றில் இருந்து வந்த கருவியில்தான் தொடங்கினாராம். மரத்துண்டுக்குள் புதைந்த ஆணி ஒன்று போதும், ரம்பத்தின் பல் போய்விடும்; அதற்காக அறுப்பதற்கு முன்னால் மரத்தைத் தடவிப் பார்க்கிற கருவி அது. பிறகு கும்மிடிப்பூண்டிப் பக்கத்து உணவுத் தொழிற்சாலைகளின் பெல்ட்டில் பொருத்தியிருக்கும் டிடெக்டர்கள் வந்தன. தங்கம் தேடுகிறவர்கள் கடைசியாக வந்தார்கள். இப்போது மற்றவர்களைவிட அவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள்.

அன்றைக்கு மேசைமேல் திறந்து கிடந்த கருவி அப்படி ஒருவருடையது. கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் ஃபிட்டராக வேலை பார்க்கும் இளைஞர். பந்தலூர்ப் பக்கம் உறவுக்காரர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, அங்கே ஓடையில் தங்கம் வருமாம், பாட்டன் காலத்திலேயே அரித்திருக்கிறார்களாம். சேர்த்து வைத்த பணத்தில் பல்ஸ் இண்டக்‌ஷன் வகைக் கருவி ஒன்றை வாங்கிவிட்டார். வாங்கிய பிறகு அது சிறிய பொருளைக் காட்டவில்லை. "ஆழத்தைக் கூட்டணும், பொடிசையும் காட்டணும் அண்ணே" என்பது அவர் கேட்டது.

பல்ஸ் இண்டக்‌ஷன் என்ன செய்கிறது என்பதை அண்ணன் ஸ்கோப்பின் திரையில் காட்டினார். காயிலுக்குள் ஓரிரு ஆம்பியர் மின்சாரத்தை மிகச் சிறிய நேரத்துக்குச் செலுத்தி, சட்டென்று வெட்டுகிறார்கள். வெட்டியதும் காயிலில் நூற்றுக்கணக்கான வோல்ட் எகிறி விழுகிறது. அந்த அதிர்ச்சியில் பக்கத்தில் இருக்கும் எந்த உலோகத்திலும் ஒரு சுழல் மின்னோட்டம் கிளம்பி, தானாகத் தேய்ந்து அடங்கும். அது அடங்குவதற்குள் காயில் அதைக் கேட்டுவிட வேண்டும். இளைஞர் வேலை பார்க்கும் மில்லுக்கு இரும்பு தரும் உலைகளில் பழைய இரும்பை உருக்குவதும் இதே சுழல் மின்னோட்டம்தான். அங்கே அது உலோகத்தைக் காய்ச்சிக் குழம்பாக்குகிறது, இங்கே காதில் விழுமா விழாதா என்று தவிக்கிறது. இதை அண்ணன் சொன்னபோது அந்தப் பையன் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டும். தினமும் பார்த்த உலை அவருக்கு அன்றுதான் புரிந்தது போலிருந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். பெரிய செம்புத் துண்டில் அந்த மின்னோட்டம் நூறு மைக்ரோசெகண்டுக்கு மேலும் நீடிக்கும். அரிசி அளவு தங்கத்தில் சில மைக்ரோசெகண்டில் செத்துப்போகும். ஆகவே பொடித் தங்கத்தைக் கேட்க வேண்டுமானால், மின்சாரத்தை வெட்டிய உடனேயே காதைத் திறந்தாக வேண்டும். மின்சாரம் வெட்டுப்பட்டதற்கும் கருவி கேட்கத் தொடங்குவதற்கும் நடுவே விடும் இடைவெளியை 'டிலே' என்கிறார்கள். இந்தக் கருவியில் அது 15 மைக்ரோசெகண்டாக இருந்தது. அதற்குள் பொடிசெல்லாம் பேசி முடித்துவிட்டது.

"அப்ப டிலேயைக் குறைச்சா போதுமே?" என்றேன்.

"குறைச்சுப் பாருங்க."

திருப்புளியை என் கையிலேயே கொடுத்தார். ப்ரீசெட்டைத் திருகினேன். 12 வந்ததுமே ஸ்பீக்கர் ஓயாமல் அலறியது. காரணம் திரையில் தெரிந்தது: காயிலின் சொந்த அலையே அதற்குள் அடங்கவில்லை. தன் சத்தம் ஓயாத கருவிக்கு மற்றவர் குரல் எப்படிக் கேட்கும்?

இங்கேதான் கைவேலை தொடங்குகிறது. காயில் என்பது வெறும் கம்பிச் சுருள் அல்ல. சுற்றுக்குச் சுற்று நடுவே ஒரு மின்தேக்கித் தன்மை ஒளிந்திருக்கிறது. கேபிளிலும் இருக்கிறது, மின்சாரத்தை வெட்டும் மாஸ்ஃபெட்டிலும் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து காயிலை ஊஞ்சலாட்டுகின்றன. அந்த ஆட்டத்தை அடக்க ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே போடுவார்கள். அதன் மதிப்பு கூடினால் ஆட்டம் நிற்காது. குறைந்தால் ஆட்டம் நின்றாலும் அலை சோம்பலாக இறங்கும். நடுவில் ஒரே ஒரு இடம் இருக்கிறது. 300 மைக்ரோஹென்றி காயிலும் மொத்தம் 200 பிகோஃபாரட் மின்தேக்கமும் என்றால் அந்த இடம் சுமார் 600 ஓம். மின்தேக்கம் மூன்று மடங்கானால் 350 ஓமுக்கு இறக்க வேண்டியிருக்கும், அலையும் அந்த அளவுக்கு மெதுவாகும். ஆகவே ரெசிஸ்டரை மாற்றுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, மின்தேக்கத்தையே குறைப்பது.

அண்ணன் பழைய காயிலைத் தூக்கி ஓரமாக வைத்தார். எனாமல் கம்பியை நெருக்கிச் சுற்றியிருந்தார்கள், மோட்டாருக்குச் சுற்றுவது போலவே. டெஃப்லான் உறை போட்ட மெல்லிய பல இழைக் கம்பியை எடுத்து, கால் மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான விட்டத்தில் ஆணி அடித்த பலகையில் இருபது சுற்று சுற்றினார். உறை தடிமனாக இருப்பதால் செம்புக்கும் செம்புக்கும் இடையே தூரம் கிடைக்கிறது. தூரம் கிடைத்தால் மின்தேக்கம் குறைகிறது. பல இழைக் கம்பிக்கு வேறு ஒரு காரணம். முழுக்கம்பி தடிமனாக இருந்தால் அதற்குள்ளேயே சுழல் மின்னோட்டம் உண்டாகும். கருவி தன் காயிலையே உலோகம் என்று அறிவிக்கும். சுற்றி முடித்து, கேபிளை மாற்றி, ப்ரீசெட்டை மயிரிழை மயிரிழையாகத் திருகினார். திரையில் அந்தக் கோடு தடுமாறி, ஒரு முறை குதித்து, பிறகு ஒரே வழுக்கலாக இறங்கித் தரையில் படிந்தது. டிலே 10-க்கு வந்துவிட்டது. மேசையின் கீழ் டப்பாவில் இருந்து ஒரு மூக்குத்தித் திருகாணியை எடுத்துக் காயிலருகே நீட்டினார். கருவி கத்தியது. இளைஞர் எழுந்தே நின்றுவிட்டார்.

ஆழத்தைப் பற்றி அவர் மறுபடி கேட்டார். பேட்டரியைக் கூட்டினால்? இரண்டு பேட்டரி போட்டால்? இதைக் கேட்காத வாடிக்கையாளர் இல்லை என்றார் அண்ணன். அதற்கு அவர் தரும் கணக்கை நானும் எழுதி வைக்க விரும்புகிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கு தெரியாமல் பணத்தை இழந்தவர்கள் நிறையப் பேர். சிறிய பொருள் காயிலைவிட்டுத் தள்ளிப் போகப் போக, அதை எட்டும் காந்தப்புலம் தூரத்தின் மும்மடியில் குறைகிறது. அதிலிருந்து திரும்பி வரும் பதிலும் அதே மும்மடியில் குறைகிறது. இரண்டும் சேர்ந்தால் ஆறாம் மடி. காயிலின் மின்சாரத்தை இரண்டு மடங்காக்கினால் கிடைக்கும் கூடுதல் ஆழம் நூற்றுக்குப் பன்னிரண்டு. ஆழத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் 64 மடங்கு வேண்டும். பத்தடி, இருபதடி ஆழத்தில் கிடக்கும் மோதிரத்தைக் காட்டும் என்று எவன் விற்றாலும் அவன் இந்தக் கணக்கை மறைக்கிறான். "ஆழத்தை நான் கூட்டித் தர முடியாது தம்பி. சத்தத்தைக் குறைச்சுத் தர முடியும். சத்தம் குறைஞ்சா இருக்கிற ஆழத்துல இருக்கிறது கேட்கும், அவ்வளவுதான்."

சாப்பாடு முடிந்ததும் மூவரும் கிளம்பி அத்திப்பட்டுப் பக்கம் போனோம். பழைய உப்பளங்களை ஒட்டி, தெரிந்தவர் ஒருவரின் காலி மனையில் அண்ணன் ஒரு சோதனைப் பாத்தி போட்டு வைத்திருக்கிறார். வரிசையாகக் குச்சிகள். ஒவ்வொரு குச்சிக்குக் கீழும் ஒரு பொருள், ஒவ்வோர் ஆழம்: ஈயக் குண்டு, ஒரு ரூபாய் நாணயம், சோடாப் பாட்டில் மூடி, மாத்திரை அட்டையில் இருந்து கிழித்த அலுமினியத் தாள், ஒரு கிராமுக்கும் குறைவான 916 தங்கத் துணுக்கு. எங்கே என்ன என்பது அவர் நோட்டில் மட்டும் இருக்கிறது.

கடையில் திருகாணியைக் கண்டுபிடித்த கருவி, இங்கே தரையில் வைத்ததும் ஓயாமல் பாடியது. இம்முறை மின்சாரத்தின் உறுமல் இல்லை. காயிலை உயர்த்தினால் அடங்குகிறது, இறக்கினால் எழுகிறது. மண்தான் பாடுகிறது.

மீஞ்சூர் மண்ணுக்கு அந்தக் குரல் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனமில்லை. சென்னையின் தாகத்துக்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்களில் இருந்து பல பத்தாண்டுகள் தண்ணீர் எடுத்தார்கள். அதே நீரை நம்பி விவசாயமும் நடந்தது. நிலத்தடி நீர் இறங்கிய இடத்துக்குக் கடல் நுழைந்தது. 1960-களின் கடைசியிலேயே ஆய்வாளர்கள் அதைப் பதிவு செய்துவிட்டார்கள். அதன் பிறகும் உப்பு நிலத்துக்குள் கிலோமீட்டர் கிலோமீட்டராக முன்னேறியது. 2010-ல் காட்டுப்பள்ளியில் தொடங்கிய ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் திறன் கொண்டது; ஊர்க் கிணறுகளின் உப்பு அதனால் குறையவில்லை. கடையில் எரிந்து கிடக்கும் மோட்டார்களில் பலவற்றை அரித்தது அந்த உப்புத் தண்ணீர்தான். அத்திப்பட்டுப் பக்கம் கழிமுகத்தின் உப்பு மேல்மண்ணிலேயே இருக்கிறது. ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும். கடத்தும் எதிலும் சுழல் மின்னோட்டம் உண்டு.

சிக்கல் இதுதான்: உப்பு ஈரத்தில் எழும் அந்த மின்னோட்டம் சில மைக்ரோசெகண்டில் செத்துப்போகிறது. பொடித் தங்கத்தில் எழுவதும் சில மைக்ரோசெகண்டில் செத்துப்போகிறது. கருவிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே குரல். பல்ஸ் வகையில் மட்டுமல்ல, தொடர்ந்து அலை அனுப்பும் வி.எல்.எஃப். வகையிலும் இதே கதை. பொடித் தங்கத்துக்கென்றே செய்த கருவிகள் 45, 48, 71 கிலோஹெர்ட்ஸ் என்று உயர்ந்த அலைவரிசையில் வேலை செய்கின்றன. அலைவரிசை உயர உயர உப்பின் குரலும் உயர்கிறது. உப்பை ஒதுக்கக் கருவியைத் திருப்பினால், அதே திருப்பலில் பொடித் தங்கமும் ஒதுங்கிவிடும். இதற்குக் குறுக்கு வழி எந்த விலையுள்ள கருவியிலும் கிடையாது.

அண்ணன் அந்த இளைஞரைத் திருகச் சொன்னார். 11. கொஞ்சம் அடங்கியது. 12. முனகல். 13-ல் மண் அமைதியானது. தங்கத் துணுக்கு புதைந்த குச்சியருகே காயிலை ஆட்டினார்கள். எதுவும் கேட்கவில்லை. மறுபடி 12-க்கு வந்து, காயிலைத் தரையோடு ஒரே உயரத்தில், மெதுவாக, அகலமாக வீசச் சொன்னார். முனகலுக்குள் ஓர் இடத்தில் ஒரு சின்ன மேடு. நான் தவறவிட்டேன், அந்தப் பையன் பிடித்தார். மூன்று முறை குறுக்கும் நெடுக்கும் வீசி உறுதி செய்த பிறகுதான் அண்ணன் நோட்டைத் திறந்து காட்டினார். கருவிக்கு வெளியே ஒரு குமிழ் வைத்து, டிலேயை மண்ணுக்கு ஏற்றபடி கையாலேயே மாற்றும்படி செய்துவிட முடிவாயிற்று. கருவியை ஒரே எண்ணில் பூட்டித் தருவது ஏமாற்று வேலை என்பது அவர் கருத்து. எனக்கும் அப்படியே படுகிறது.

மின்கம்பியின் உறுமலுக்கு அவரிடம் இரண்டு வழிகள் இருந்தன. கருவி நொடிக்கு எத்தனை முறை அடிக்கிறது என்பதை 600-க்கு அருகில் வைத்திருந்தார்கள். அது 50-ன் மடங்கு. மின்சாரத்தின் துடிப்போடு இழைந்து மெதுவான அலையாக ஏறி இறங்கும். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்ததும் பாதி உறுமல் போயிற்று. அடுத்தது எட்டு வடிவில் சுற்றிய காயில். இரண்டு வளையங்களும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டிருக்கும்; தொலைவில் இருந்து வரும் சத்தம் இரண்டிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், அருகில் இருக்கும் உலோகம் ஒரு வளையத்தில் மட்டும் பலமாக விழும். மாட்டிப் பார்த்தோம். கம்பிகளுக்கு நேர்கீழே நின்றபோதும் காது அமைதியாக இருந்தது. ஆழத்தில் கொஞ்சம் குறைவு உண்டு. அதை அவர் மறைக்கவில்லை.

சத்தத்தோடு போராடுவது இந்தக் கருவி பிறந்த நாளில் இருந்தே இருக்கிறது. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் பாய்ந்த குண்டைத் தேட அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் இதன் மூதாதையான ஒரு கருவியோடு போனார். கருவி வேலை செய்யும் கருவிதான். ஆனால் படுக்கைக்குள் இருந்த இரும்புக் கம்பிகள் குழப்பின. மருத்துவரோ உடம்பின் ஒரு பக்கத்தை மட்டுமே தேட அனுமதித்தார். குண்டு மறுபக்கம் இருந்தது.

பாத்தியில் என்னை அதிகம் வியக்க வைத்தவை இரண்டு. ஒன்று, மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள். அதுவும் மெல்லிய தங்க மோதிரமும் கருவியில் ஏறக்குறைய ஒரே குரலில் ஒலிக்கின்றன. தாளை ஒதுக்கினால் மோதிரமும் ஒதுங்கும். 'தங்கத்தை மட்டும் காட்டும்' என்று எந்தக் கருவியும் சொல்ல முடியாது. கருவிக்குத் தெரிவது உலோகத்தின் அளவும் வடிவமும் கடத்தும் திறனும் கலந்த ஒரு பதில் மட்டுமே. இன்னொன்று, சங்கிலி. இளைஞர் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தரையில் வைத்தார். மூன்று பவுன் இருக்கும். அண்ணன் தன் மெல்லிய மோதிரத்தை ஓர் அடி தள்ளி வைத்தார். மோதிரம் பளீரென்று ஒலித்தது. சங்கிலி முனகியது. மோதிரம் மூடிய வளையம், மின்னோட்டம் தங்குதடையின்றிச் சுற்றி வரும். சங்கிலியோ நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு வளையங்கள். கண்ணிக்குக் கண்ணி தொடுவது புள்ளி அளவு. கருவி மூன்று பவுனைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனிப் பொடியாகப் பார்க்கிறது. தொலைந்த சங்கிலி பெரும்பாலும் அதன் கொக்கியால்தான் அகப்படுகிறது.

அங்கேயே ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்து பந்தலூர்ப் பேச்சு எழுந்தது. இந்தப் பேச்சைத்தான் நான் எழுத வந்தேன் என்று சொல்லலாம்.

நீலகிரியின் தேவாலா, பந்தலூர் மண்ணில் தங்கம் இருப்பது உண்மை. 1879-ஐ ஒட்டி அங்கே ஒரு தங்க வேட்டையே நடந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறையில் பெயர் பெற்ற பிரஃப் ஸ்மித் என்பவரை வரவழைத்து அறிக்கை வாங்கினார்கள். அவர் நம்பிக்கையோடு எழுதினார். லண்டனில் கம்பெனிகள் முளைத்தன, பங்குகள் பறந்தன. சில வருஷங்களில் எல்லாம் சரிந்தது. விக்டோரியாவின் தங்கம் வேறு. அங்கே 1869-ல் தரையில் இருந்து சில சென்டிமீட்டர் ஆழத்தில் நூறு கிலோவைத் தாண்டிய ஒரே கட்டி அகப்பட்டது. 1980-ல் 27 கிலோ கட்டி ஒன்றை மெட்டல் டிடெக்டர் கொண்டே எடுத்தார்கள். பந்தலூரில் தங்கம் வெண்கல்லுக்குள் தூளாக, ஓடை மணலில் அதைவிடத் தூளாகக் கிடக்கிறது. கோலாரிலும் அப்படித்தான்: நம் ஊர்களில் இருந்து போன தொழிலாளர்கள் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி வெட்டிய அந்தச் சுரங்கம், 2001 பிப்ரவரி 28-ல் மூடப்படும்போது ஒரு டன் கல்லுக்குச் சில கிராம் தங்கமே தந்துகொண்டிருந்தது. தூளாகக் கிடக்கும் தங்கத்தில் சுழல் மின்னோட்டம் ஓட இடமில்லை. ஒரு கூடை மணலில் இருக்கும் தூளெல்லாம் சேர்ந்து ஒரு குண்டுமணி தேறும் என்றாலும், சிதறிக் கிடக்கும்வரை எந்த டிடெக்டரும் அதைக் காணாது. அங்கே மரவை வைத்து அரிப்பவர்கள் கையில் இருப்பதுதான் அந்த மண்ணுக்கான கருவி.

அதோடு, அந்தப் பக்கத்துச் செம்மண்ணில் இரும்பு ஆக்ஸைடு அதிகம். அதன் நுண்துகள்கள் காந்தத் துடிப்புக்குப் பிறகு சற்றுத் தாமதமாகத் தணிகின்றன. கருவிக்கு அதுவும் உலோகம் போலவே கேட்கும். அதைக் கழிக்க, கருவியை இரண்டு தருணங்களில் கேட்கச் செய்து, இரண்டாவதைப் பெருக்கி முதலாவதில் இருந்து கழிப்பார்கள். மண் மறைந்துவிடும். மண்ணைப் போலவே தணிகிற சில அளவுத் தங்கமும் கூடவே மறைந்துவிடும். விக்டோரியாவின் செம்மண்ணுக்காக ஆஸ்திரேலியாவில் பல காலம் உழைத்து இதைச் செம்மைப்படுத்தியிருக்கிறார்கள். அங்கே அந்த உழைப்புக்குப் பலனாகக் கட்டித் தங்கம் இருந்தது.

அண்ணன் இதையெல்லாம் இளைஞரிடம் பூசி மெழுகாமல் சொன்னார். சட்டத்தையும் சொன்னார். நிலம் உறவினருடையதாக இருந்தாலும், 1957-ன் சுரங்க, கனிமச் சட்டப்படி அனுமதி இல்லாமல் தங்கம் தேடித் தோண்ட முடியாது. தேவாலாப் பக்கம் கைவிட்ட சுரங்கங்களுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து, மண் சரிந்து செத்தவர்கள் இருக்கிறார்கள். புதையல் என்றால் 1878-ன் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். பழைய கோயில், கோட்டைமேடு என்று யாராவது ஆரம்பித்தால் அந்தக் கருவியைத் தொடமாட்டேன் என்றார். நாங்கள் உட்கார்ந்திருந்த இந்த மாவட்டத்தின் மிகப் பழைய செல்வம் எந்த டிடெக்டரிலும் ஒலிக்காது என்பதை நான் சேர்த்துக்கொண்டேன். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளில் மிகப் பழையவை 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை. மண் அடுக்கு கலையாமல் இருந்ததால்தான் அந்த வயதைக் கணக்கிட முடிந்தது. தோண்டிக் கலைத்த மண்ணில் கல்லும் ஊமை, காசும் ஊமை.

இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, இதைவிட விலை அதிகமான ஒரு கருவி இருக்கிறதாமே, தூரத்தில் இருந்தே தங்கம் இருக்கும் திசையைக் காட்டுமாமே என்று கேட்டார். கைப்பிடியில் ஆன்டெனாக் கம்பி நீட்டிக்கொண்டு, தானாகத் திரும்பும் கருவி. அப்படி ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறார் அண்ணன்: உள்ளே இருந்த சர்க்யூட் போர்டுக்கும் அந்தக் கம்பிக்கும் தொடர்பே இல்லை. இந்தக் கருவிகளால் உயிர்களே போயிருக்கின்றன. ஏ.டி.இ. 651 என்ற பெயரில் ஈராக்கின் சோதனைச் சாவடிகளுக்கு விற்கப்பட்ட வெடிகுண்டு காட்டும் கருவி இதே ஜாதி. அதன் முன்னோடி கோல்ஃப் பந்து தேட விற்ற விளையாட்டுச் சாமான். அந்த வெடிகுண்டுக் கருவியை விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்கை 2013-ல் லண்டன் நீதிமன்றம் பத்து ஆண்டுகள் சிறையில் தள்ளியது. நம் ஊரில் இரிடியக் கலசம், ரைஸ் புல்லிங் என்ற மோசடிகளை நம்பி வீட்டை அடகு வைத்தவர்கள் கதை எல்லாருக்கும் தெரியும். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கடனில் மூழ்கியவனுக்கு ஒரே அடியில் கரையேறும் வழி வேண்டியிருக்கிறது. அதை விற்கிறவன் அவன் கடனை அறிந்தே விற்கிறான். பெல் செய்த கருவியும் அண்ணன் சுற்றிய காயிலும் ஒரே இயற்பியலில் நிற்கின்றன, யாரும் திறந்து சோதித்துக்கொள்ளலாம். திறக்கக் கூடாது என்று முத்திரை வைத்து வருகிற கருவியை வாங்காதீர்கள்.

இந்தக் கைத்திறனுக்கு உண்மையான வேலை உண்டு என்பதையும் அங்கே பார்த்தேன். நாங்கள் நிழலில் இருந்தபோதே அவருக்கு ஒரு போன் வந்தது: புதிதாகப் போட்ட தார்ச் சாலைக்கு அடியில் குடிநீர்க் குழாயின் வால்வு மூடி புதைந்துவிட்டது, வந்து காட்ட வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் முகமாலையில், போருக்குப் பின் தமிழ்ப் பெண்கள் பலர் டிடெக்டரைக் கையில் ஏந்தி, மண்டியிட்டு, அடி அடியாகத் தங்கள் மண்ணில் மிதிவெடி அகற்றினார்கள். பிளாஸ்டிக் மிதிவெடியில் உலோகம் மிகச் சொற்பம். ஒவ்வொரு காலையும் அவர்கள் செய்யும் முதல் வேலை, தெரிந்த ஒரு துண்டை வைத்துக் கருவி கேட்கிறதா என்று சோதிப்பது. அண்ணன் குச்சிகள் நட்டுச் செய்வதும் அதே சோதனைதான்.

வெயில் தாழ்ந்ததும் கடைக்குத் திரும்பினோம். குமிழைப் பொருத்தி, பக்கத்தில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, காய்ந்த மண்ணுக்கு 10, ஈர மண்ணுக்கு 12, உப்பு மண்ணுக்கு 13 என்று பேனாவால் எழுதினார். கூலியாகக் கம்பிக்கும் கேபிளுக்கும் ஆன காசை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"இப்ப இதை வெச்சுக்கிட்டு நான் என்ன அண்ணே செய்யட்டும்?" என்றார் இளைஞர்.

"ஞாயித்துக்கிழமை லீவுதானே? பொன்னேரிப் பக்கம் கதிரறுத்த வயல்ல ஒரு அம்மாவோட தாலிச் சங்கிலி விழுந்துடுச்சு. நாலு நாளா அழுதுட்டு இருக்காங்க. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இருந்து வீசுனா சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம். அங்க மண்ணு உப்பில்ல, பத்துல வெச்சுக்கோ. கொக்கியைத்தான் தேடணும், ஞாபகம் வெச்சுக்க. தண்ணி எடுத்துக்கிட்டு வா, அங்க குடிக்கக் கிடைக்காது."